பாட்டு வகுப்பு முடிந்த பிறகு: வாசகர் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பாடிய பாட்டைப் பிள்ளைகளே திரும்ப நினைத்துப் பார்க்கப் பழக்குவது பற்றி வந்த கேள்விகளில் சில.

மகளுக்கு ஏழு வயது. வகுப்பு முடிந்து வண்டியில் வரும்போது "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டால் "சரளி வரிசை" என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. (நெல்லிக்குப்பம் வாசகி)

அவள் சரியாகத்தான் சொல்கிறாள், கேள்விதான் பெரிதாக இருக்கிறது. ஒரு மணி நேரம் நடந்ததைச் சுருக்கிச் சொல்ல அந்த வயதில் வராது. ஏதாவது ஒரு இடத்தைத் தொட்டுக் கேளுங்கள்.

சரளி வரிசை, அதாவது கர்நாடக இசையில் ஆரம்பத்தில் கற்கும் ஸ்வரப் பயிற்சி, மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. அதில் ரி, ஸவை ஒட்டியே நிற்கும். ரியிலிருந்து கவுக்குப் போக ஒரு தாவல் வேண்டும். மேலே 'த'விலிருந்து 'நி'க்குப் போவதும் அப்படியே. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டு இடங்களில்தான். "கவுக்குப் போறப்ப எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்துதா, தானா வந்துதா?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் காலம் (மிக வேகமாக) பாடியிருந்தால், "தாளம் முந்திச்சா, பாட்டு முந்திச்சா?" என்று கேட்கலாம்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும். வண்டிச் சத்தத்தில் வேண்டாம், வீட்டில் டிபன் சாப்பிட்டு முடிக்கட்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அவள் "க கஷ்டமா இருந்துச்சும்மா" என்று சொன்ன உடனே "அப்போ பத்து தடவை பாடு" என்று சொல்லிவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் வேலை கூடும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் "ஈஸி"தான். "அப்படியா, எப்படிக் கஷ்டமா இருந்துச்சு, பாடிக் காட்டு" என்று கேளுங்கள். பாடிக் காட்டும்போதே பாதி சரியாகிவிடும்.

புதுச்சேரியில் பள்ளி இசை ஆசிரியை நான். வகுப்பில் 38 பேர், 40 நிமிடம். ஒவ்வொருவரையும் கேட்க நேரமே இல்லை. (முத்தியால்பேட்டை வாசகி)

கடைசி 4 நிமிடத்தை மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் கண்ணை மூடட்டும். நீங்கள் பாடினால்தான் வரும் என்பவர்கள் கையை மடியில் வைக்கட்டும். கூடச் சேர்ந்து பாடினால் வரும் என்றால் நெஞ்சில். தனியாகவே பாடிவிடுவேன் என்றால் தலைக்கு மேலே. கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறந்திருந்தால் எல்லாரும் முன்வரிசைப் பிள்ளையின் கையைத்தான் பார்ப்பார்கள்.

தலைக்கு மேலே கை வைத்தவர்களில் நாலைந்து பேரைச் சேர்ந்து ஒரு வரி பாடச் சொல்லுங்கள். சிலர் அடுத்த முறை கையைத் தாங்களாகவே நெஞ்சுக்கு இறக்குவார்கள். அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். தன் காதால் தன்னையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தாளத்துக்கு இன்னும் சுலபம், விரலே பேசும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் (எண்ணிக்கையில்) முதலில் தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சும் (கையைத் திருப்புவது) இரண்டு முறை. "எங்கே விட்டுப்போச்சு?" என்று கேட்டால் பேசக் கூச்சப்படும் பிள்ளைகூட அந்த விரலைக் காட்டிவிடும். பெரும்பாலும் நடுவிரலிலிருந்து தட்டுக்கு மாறுகிற இடமாக இருக்கும்.

செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினால் "இது என் குரலே இல்லை" என்று மகன் ஓடிவிடுகிறான். (பண்ருட்டி வாசகர்)

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாடும்போது நம் குரல் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. எலும்பு வழி வருவது குரலுக்குக் கனம் கொடுக்கும். போனில் காற்று வழி வந்தது மட்டுமே இருப்பதால் குரல் மெலிந்து கேட்கும். இதை அவனிடம் சொல்லுங்கள். முதலில் உங்கள் குரலைப் பதிந்து நீங்களும் முகம் சுளிப்பதை அவன் பார்க்கட்டும்.

முழுப் பாட்டும் வேண்டாம். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) போதும். அதிலும் ஒரே கேள்வி: கடைசி ஸ, சுருதிப் பெட்டியோடு சேர்ந்ததா? சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனைக் கேட்காமல் போடாதீர்கள். போட்டுவிட்டால் அவன் கேட்பதற்காகப் பாட மாட்டான், காட்டுவதற்காகப் பாடுவான்.

நோட்டில் தினமும் எவ்வளவு எழுத வைக்கலாம்? (விருத்தாசலம் வாசகி)

ஒரு வரி. எழுத வராத பிள்ளை, குரல் ஏறி இறங்கியதைக் கோடாக வரையட்டும். பிழை திருத்தாதீர்கள்.

பேரன் தேவாரம் கற்கிறான், எல்லாம் மனப்பாடம்தான். இதில் நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

நிறைய இருக்கிறது ஐயா, அதுவும் உங்கள் ஊரில். அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் விட்டபோது அவர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் நமச்சிவாயப் பதிகம், காந்தாரபஞ்சமப் பண்ணில் அமைந்தது. அதைக் கேதாரகௌளை ராகத்தில் பாடுவது வழக்கம். அவர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில். பக்கத்திலேயே கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயரும் நிற்கிறது.

ஒரு மாலையில் பேரனை அங்கே கூட்டிப்போய் ஒரே ஒரு பாட்டைப் பாடச் சொல்லுங்கள். பிறகு, "எந்தச் சொல்லில் உன் குரல் பெரிசாச்சு?" என்று கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு அவனுக்குத் தெரிந்த பொருளைச் சொல்லட்டும். தவறாகச் சொன்னாலும் அன்று விட்டுவிடுங்கள், பதம் பிரித்துச் சொல்ல ஓதுவார் இருக்கிறார்.

ஒன்பது வயதுப் பெண். எப்போது கேட்டாலும் "நான் மோசமா பாடினேன்" என்று அழுகிறாள். (சிதம்பரம் வாசகி)

"இல்லம்மா, நல்லாத்தான் பாடின" என்று சமாதானம் சொல்லத் தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். நான் அப்படிச் சொல்லி வந்த பிள்ளைகள், பாடி முடித்ததும் என் முகத்தையே பார்க்கப் பழகிவிட்டார்கள். தங்கள் பாட்டைக் கேட்க அவர்களுக்குச் சொந்தக் காது இல்லாமல் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"மோசம்" என்பதைப் பிரித்துக் கேளுங்கள். சுருதியா, தாளமா, சாகித்தியம் (பாட்டின் வரிகள்) மறந்ததா? மலஹரி ராகத்தில் கீதம் (ஆரம்பப் பாட்டு) பாடுகிறாள் என்றால், அந்த ராகத்தில் நி கிடையாது, க இறங்கும்போது மட்டுமே வரும். சரளி வரிசையில் பழகிய குரல், ஏறும்போது தன்னால் கவைத் தொட்டுவிடும். "நீ மோசம் இல்ல, பழைய ராகம் இன்னும் உன் தொண்டையில இருக்கு. எங்க எட்டிப் பார்த்துச்சுன்னு கண்டுபிடி" என்று சொன்னால் அழுகை நின்று தேட ஆரம்பிப்பாள். கண்டுபிடித்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கட்டும். அது சரியாக வந்த அன்று அவளே அழிக்கட்டும், ரப்பரை நீங்கள் எடுக்காதீர்கள்.