கோல்கீப்பர் பயிற்சியாளராகலாமா?

கேள்வி: ருமேனியாவின் போக்டான் ஸ்டெலியா போல, கோல்கீப்பர் முழு அணிக்கும் பயிற்சியாளராக முடியுமா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: தாராளமாக. ஸ்டெலியா நாட்டுக்காக 91 ஆட்டங்கள் ஆடியவர். 1994 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்திடம் 4 கோல் வாங்கியதும் அவரை உட்கார வைத்து, இன்னொரு கீப்பரான புருனேயாவை இறக்கினார்கள். 1998-இல் மீண்டும் அவரே முதல் தேர்வு. பெஞ்சில் உட்கார்ந்த அனுபவம் பயிற்சியாளருக்கு வீண்போகாது.

கீப்பருக்கு மைதானம் முழுவதும் தெரியும். தடுப்பு வரிசையைக் கத்தியே நகர்த்திப் பழகியவர். சறுக்குவது தாக்குதலில்தான். எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள், நெருக்கடியில், முதுகைக் காட்டிப் பந்து வாங்கிய பழக்கம் இருக்காது. பயிற்சியிலும் கீப்பர்கள் பெரும்பாலும் தனியே ஒதுங்கிவிடுவார்கள். எனவே வாரம் ஒருநாள் கையுறையைக் கழற்றிவிட்டு நடுக்களத்தில் ஆடுங்கள். பிறகு அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் டி லைசென்ஸில் (பயிற்சியாளருக்கான தொடக்கநிலை உரிமம்) தொடங்குங்கள். கீப்பர் பயிற்சிக்கான லைசென்ஸ் வேறு, குழம்ப வேண்டாம்.