கரிசாலையா, தாத்தாப்பூவா? விதையே சொல்லிவிடும்

திருமங்கலத்தில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கரிசலாங்கண்ணி விதை என்று பாக்கெட் வாங்கித் தூவினேன். வந்ததெல்லாம் வெட்டுக்காயப் பூண்டு. விதையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?”

தாராளமாக முடியும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் பாக்கெட்டில் இருப்பது விதையே இல்லை, முழுக் கனி. இந்தக் குடும்பத்தில் ஒரே பூ போலத் தெரிவது பல குட்டிப் பூக்கள் சேர்ந்த ஒரு தலை. ஒவ்வொரு குட்டிப் பூவின் அடியிலும் உள்ள சூலகம் ஒற்றை விதையோடு அப்படியே காய்ந்துவிடும், அதைத்தான் சிப்செலா என்கிறோம். சூரியகாந்தி விதை கொறிக்கும்போது துப்புகிறோமே தோடு, அதுதான் கனிச்சுவர். உச்சியில் இருக்கிற குஞ்சம், பாப்பஸ், புல்லிவட்டம் (பூவின் வெளி அடுக்கு) உருமாறி வந்தது.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் வெள்ளைத் தாளும் போதும். வெட்டுக்காயப் பூண்டு, அதாவது நம்ம தாத்தாப்பூ, கறுப்பாக இரண்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், உடம்பெல்லாம் பட்டு மயிர், தலையில் இறகு போலக் கிளைத்த குஞ்சம். சோழவந்தான் வாய்க்கால் வரப்பில் பறித்த கரிசாலை, அதாவது கரிசலாங்கண்ணிப் பூத்தலை ஒன்றை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தால் குஞ்சமே கிடையாது, உச்சியில் வெறும் விளிம்பு மட்டும், பக்கங்களில் மரு மருவாகச் சொரசொரப்பு. ஓரத்துப் பூவில் வந்த கனி மூன்று பட்டையாகவும் நடுவில் வந்தது தட்டையாகவும் இருக்கும், ஒரே தலையில் இரண்டு வடிவம், கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

குஞ்சத்தை மட்டும் நம்பவும் கூடாது. புடைத்துச் சுத்தம் செய்யும்போது உதிர்ந்துவிடும். தவிர, காற்றில் பறக்க வேண்டிய தேவையால் தூரத்துச் சொந்தங்களுக்குக்கூட ஒரே மாதிரிக் குஞ்சம் வாய்த்துவிடுகிறது. அதனால்தான் வகைப்பாட்டுக்காரர்கள் சுவரை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள்: சூரியகாந்தி, செண்டுப்பூ வகையறாவின் சுவருக்குள் கரி போன்ற ஒரு கறுப்புப் படலம் இருக்கும், சாமந்தியில் அது இல்லை. உங்களுக்கு அந்த அளவு வேண்டாம், மருவா மயிரா என்று பார்த்தால் போதும்.

அப்புறம், பொக்கு. தோடுதான் முதலில் முழு அளவுக்கு வளரும், கரு பிறகுதான் உள்ளே நிறையும், ஆகவே வெளியே பார்க்க நல்லதாகத் தெரிவது வெறும் பதராக இருக்கலாம். நாலைந்தை நகத்தால் நசுக்கிப் பாருங்கள்.

கரிசாலை முளைக்க வெளிச்சம் வேண்டும், மண் போட்டு மூடாமல் ஈர மண்மேல் தூவி விடுங்கள். செடி வளர்ந்தபின் தண்டைக் கசக்கினால் விரல் கறுக்கும், தாத்தாப்பூ கறுக்காது.