அன்றாட வாழ்வில் பிறரிடம் கனிவாகவும் மரியாதையாகவும் நடந்துகொள்வது எப்படி?

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன் என்ற முறையில், தொழிலில் கண்டதைக் கொண்டே இதற்குப் பதில் சொல்கிறேன். இனிமையாகப் பேசுவது நல்லதுதான். ஆனால் ஒருவர் எதைக் குறித்துக் கூச்சப்படுகிறாரோ, அதை நாம் கவனித்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றாதபடி நடந்துகொள்வதே முதல் மரியாதை என்பது என் கருத்து.

எங்கள் பக்கத்தில் அந்தக் கூச்சம் பலருக்குப் பல்லில் இருக்கிறது. பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு இங்கே நிலத்தடி நீரில் பல இடங்களில் அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமல் பாதிக்கப்பட்டு, முளைத்த பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை தெரிகிறது. அது பல் துலக்காததால் வந்ததும் அன்று, தேய்த்தால் போவதும் அன்று. ஜப்பான் நிதியுதவியோடு அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது. ஆனாலும் அதற்கு முன்பே பல் முளைத்தவர்களுக்குக் கறை நின்றுவிட்டது. இன்று கல்யாணப் படத்துக்கு நிற்பவர்களில் பலர் அவர்கள்தாம்.

ஆகவே வாய் திறவாமல் புன்னகைப்பவரை நாங்கள் வற்புறுத்துவதில்லை. "பல்லு தெரியச் சிரிங்கண்ணா" என்று சொல்லக் கூடாது என உதவிக்கு வரும் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் கண் சிரிக்கும். படத்துக்கு அது போதும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கணினியில் பல்லை வெளுப்பாக்குவது எளிய வேலை. கேட்காமல் செய்தால், உங்கள் பல் சரியில்லை என்று ஆல்பத்தில் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றாலோ, சம்பந்தி வீட்டார் சூழ்ந்து நிற்கும்போது அந்தக் கேள்வியே அவமானம். அதனால் யாருடைய பல் எப்படி இருந்தாலும், முன்பணம் வாங்கும்போதே எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: மரு, தழும்பு, பல் கறை என்று எதையாவது மாற்ற வேண்டுமா, இருக்கிறபடியே இருக்கட்டுமா? எல்லாருக்கும் பொதுவான கேள்வி என்பதால் அது யாரையும் சுடுவதில்லை. "எங்கப்பா பல்லும் இப்படித்தாங்க, அப்படியே விட்டுடுங்க" என்றார் ஒரு மணப்பெண். வரன் பார்க்கக் கொடுக்கும் படத்தில் மட்டும், கேட்டாலும் நான் பல்லை மாற்றித் தருவதில்லை. நேரில் பார்க்கும் நாளில் அதற்குப் பதில் சொல்லி நிற்க வேண்டியவர் படத்தில் இருப்பவர்தான்.

முதியவர்களிடம் இந்தத் தண்ணீர் வேறு விதமாகத் தெரியும். நெடுங்காலம் குடித்தவர்களில் சிலருக்கு முதுகும் மூட்டுகளும் இறுகிப்போய், குனிவதும் தரையில் உட்காருவதும் கடினமாகிவிடுகிறது. குடும்பப் படத்துக்கு அவர்களை முன்வரிசையில் பாயில் உட்காரச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உட்கார முடியுமா என்று ஊரே பார்க்கக் கேட்டால், முடியும் என்றுதான் சொல்வார்கள். சொன்னதற்காகவே சிரமப்பட்டு உட்காருவார்கள். முன்வரிசை முழுவதற்கும் நாற்காலி போட்டுவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை.

வேலைக்கோ சம்பந்தம் பேசவோ வெளியூரிலிருந்து இங்கே வருபவர்கள், என்ன பேஸ்ட் போடுகிறீர்கள், புகையிலைப் பழக்கம் உண்டா என்று சட்டெனக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். கேட்கப்படுபவரோ பள்ளி நாள் முதல் அதற்குப் பதில் சொல்லி அலுத்தவர். உண்மையில் உதவ வேண்டும் என்றால், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரை விட்டுவிட்டு ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடும் என்பதால், அந்த வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அதனால் பயன் உண்டு. வீட்டுப் பெரியவர்களின் பல்லைப் பற்றி ஒரு சொல்கூட எடுக்காமலே அதைச் சொல்லிவிட முடியும்.