ஓ பேர் ஒப்பந்தம்: பிரியும் நாளைப் பற்றி முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. டிப்ளோமா முடித்துவிட்டாள். ஓராண்டு ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழியும் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். அதற்கு ‘ஓ பேர்’ என்று பெயராம். அந்தக் குடும்பத்தினர் இலங்கையிலிருந்து போய் அங்கே குடியேறிய தமிழர்கள். “எங்கட பிள்ளைக்கு என்னத்துக்கு ஒப்பந்தம் அக்கா? மலேசியக் கடப்பிதழுக்கு விசாவும் தேவையில்லை, டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிடுங்கோ” என்கிறார் அந்த வீட்டு அம்மா. நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாயார், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்த அம்மாவின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை; ஆனால் அவர் சொன்ன இரண்டுமே உங்கள் மகளைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். மலேசியர்கள் விசா இல்லாமல் ஜெர்மனிக்குள் நுழைந்து 180 நாள்களில் 90 நாள்கள் வரை தங்கலாம் என்பது சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும் போகிறவர்களுக்கான சலுகை. ஓ பேராகப் போகிறவர் புறப்படுவதற்கு முன்பே கோலாலம்பூரில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் அதற்குரிய விசாவைப் பெற்றாக வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் வைக்க வேண்டும். ஆகவே, ஒப்பந்தம் எதற்கு என்ற கேள்விக்குத் தூதரகமே பதில் சொல்லிவிடுகிறது.

அதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் குடும்பம் உங்களிடம் சொல்லவில்லை, அல்லது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஜெர்மன் மொழியையும் அங்குள்ள வாழ்க்கையையும் அறிந்துகொள்வதற்காகவே இந்த ஏற்பாடு இருப்பதால், விருந்தோம்பும் வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாகப் பேசப்பட வேண்டும் என்பது விதி. தாய்மொழி வேறாக இருந்தாலும் வீட்டுக்குள் புழங்கும் மொழி ஜெர்மனாக இருந்தால் அனுமதி கிடைக்கலாம். அப்போது ஓ பேராக வருபவர் அந்தப் பெற்றோரின் பூர்வீக நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. உங்கள் மகள் மலேசியர், அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்பதால் இந்த இரண்டாவது தடை இல்லை. ஆனால் அவ்வீட்டில் காலை முதல் இரவு வரை தமிழ்தான் என்றால், நம் மொழி பேசும் வீடு என்று நீங்கள் நிம்மதி அடையும் அதே காரணத்தால் விசா மறுக்கப்படலாம். இதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களுக்கு உறவு என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். உறவினர் வீட்டுக்கு ஓ பேராகப் போக முடியாது.

‘ஓ பேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் ‘சம நிலையில்’ என்று பொருள். நம் ஊரில் வீட்டோடு தங்கி வேலை செய்பவர் என்றாலே பணிப்பெண் நினைவுக்கு வருவதால் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஓ பேருக்குச் சம்பளம் கிடையாது, கைச்செலவுப் பணம் மட்டுமே உண்டு. ஜெர்மனியில் அது மாதம் 280 யூரோ. இங்குள்ள 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தைக்கூட எட்டாத தொகை அது. சேமித்து அனுப்புவாள் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உணவு, தங்குமிடம், மருத்துவ, விபத்துக் காப்புறுதிகள் ஆகியவை குடும்பத்தின் செலவு. மொழி வகுப்புக்கும் மாதம் 70 யூரோ தர வேண்டும். விமான டிக்கெட் பெரும்பாலும் ஓ பேரின் செலவாகவே இருக்கும். அந்தக் குடும்பம் அதில் பங்கு தருவதாகச் சொன்னால் போவதற்கா, திரும்புவதற்கா, இரண்டுக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது வேலை நேரம். நாளுக்கு 6 மணி நேரமும் வாரத்துக்கு 30 மணி நேரமுமே உச்ச வரம்பு. பெற்றோர் வெளியே போயிருக்க, குழந்தைகள் தூங்கிவிட்ட வீட்டில் கூடத்தில் அமர்ந்திருக்கும் இரவு நேரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும், ஏனெனில் சச்சரவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வாரத்தில் குறைந்தது ஒரு முழு ஓய்வு நாள், மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுப்பு, தனி அறை, ஓராண்டுக்கு 4 வார விடுமுறை ஆகியவையும் பெயரளவில் இல்லாமல் விவரமாக இருக்கட்டும். ‘இலகுவான வீட்டு வேலை’ என்று பொதுவாக எழுதினால் சன்னல் துடைப்பதும் தோட்டம் வெட்டுவதும் அதற்குள் நுழைந்துவிடும்.

அடுத்து, பலரும் எழுதக் கூச்சப்படும் பகுதி: முறிவு. ஒருமுறை எனக்குக் காட்டப்பட்ட நான்கு பக்க ஒப்பந்தத்தில் குழந்தைக்குப் பால் எத்தனை மணிக்கு, எவ்வளவு சூட்டில் என்பதெல்லாம் இருந்தது. பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பேசுவதுபோல் இருக்கிறது என்றார் அதைக் கொண்டுவந்தவர். ஆனால் ஓ பேருக்கு வேலையும் படுக்கையும் வசிப்பு அனுமதியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. வேலை போகும் நாளில் மற்ற இரண்டும் ஆட்டம் காணும். 1969ஆம் ஆண்டு ஐரோப்பிய மன்றம் கொண்டுவந்த ஓ பேர் உடன்படிக்கை, காலவரையறை இல்லாத ஏற்பாட்டுக்கு இரண்டு வார முன்னறிவிப்பையும், கடுமையான தவறோ நெருக்கடியோ நேர்ந்தால் உடனே முறித்துக்கொள்ளும் உரிமையையும் தருகிறது. ஜெர்மனி அதில் கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யவில்லை என்றாலும் அங்கும் இரண்டு வாரம் என்று எழுதுவதே வழக்கம். நமது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் வீட்டுப் பணியாளருக்கு 14 நாள் என்றே சொல்கிறது. நம்மவர்களுக்குப் புதிய கணக்கு அல்ல. நீங்கள் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு: யார் முறித்தாலும் அந்த 14 நாளும் அவளுக்கு அறையும் உணவும் கைச்செலவுப் பணமும் தொடரும். அதை எழுதத் தயங்கும் வீடாக இருந்தால் வேறு வீடு பாருங்கள்.

மகள் அடிப்படை ஜெர்மன், அதாவது ஏ1 நிலை, கற்றிருக்க வேண்டும். கோலாலம்பூரில் கெத்தே நிலையத்தில் வகுப்பும் தேர்வும் நடக்கின்றன. 27 வயது நிறைவதற்கு முன் விண்ணப்பித்தால் போதும் என்பதால், இந்த ஆண்டே போயாக வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு இல்லை.

கேள்வி: நான் ஜெர்மனியில் ஓ பேராக ஐந்து மாதமாக இருக்கிறேன். புதுக் குழந்தை பிறந்ததிலிருந்து வேலை கூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை 6.40 முதல் 8.10 வரை, பிறகு 12 முதல் 5 வரை, இரவு 8 முதல் 10.30 வரை வேலை செய்தேன். போகிறேன் என்றால் காப்புறுதிக்கும் வகுப்புக்கும் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு அன்றே வெளியேற வேண்டும் என்கிறார்கள். கடப்பிதழையும் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்தவர்

பதில்: தங்கையே, கடப்பிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். பத்திரமாக வைக்கிறோம் என்றாலும் வேண்டாம்.

நீங்கள் குறித்த செவ்வாய்க்கிழமையைக் கூட்டினால் ஒன்பது மணி நேரம். வரம்பைவிட மூன்று மணி அதிகம். இப்படி மணியோடு எழுதியிருப்பதே உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய சான்று. இரண்டு வாரம் இப்படியே வேலை நேரத்தைக் குறித்துவைத்து, அந்தத் தாளை மேசையில் வைத்து, ஒப்பந்தத்தில் உள்ள 30 மணியைக் காட்டி, ஒருமுறை அமைதியாகப் பேசிப் பாருங்கள். பச்சைக்குழந்தை உள்ள வீட்டில் பலர் வேண்டுமென்றே சுரண்டுவதில்லை. தூக்கமின்றித் தடுமாறும் பெற்றோருக்குக் கணக்கு தப்பிப்போவது உண்டு. பேசிய பிறகும் மாறவில்லை என்றால், தேதியிட்டு, ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி, எந்த நாளுடன் விலகுகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட மறுத்தால் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள்.

காப்புறுதியைக் குடும்பம் ஏற்பதும் வகுப்புக்குப் பங்கு தருவதும் இந்த ஏற்பாட்டின் நிபந்தனைகள். அவை உங்களுக்குத் தந்த கடன் அல்ல. கணக்கு முடிக்கும்போது இதுவரையிலான நாள்களுக்குரிய கைச்செலவுப் பணத்தையும், எடுக்காத விடுமுறையையும் நீங்கள்தான் கேட்க வேண்டும். மிரட்டலோ, கைநீட்டலோ, பூட்டிவைப்பதோ நடந்தால் முன்னறிவிப்பு வேண்டாம். உடனே வெளியேறி 110 என்ற எண்ணில் காவல்துறையை அழையுங்கள். பெர்லினில் உள்ள மலேசியத் தூதரகத்தின் எண்ணையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

வேறு குடும்பத்துக்கு மாறலாம். அதற்கு முன் அப்பகுதி வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெரிவித்து அனுமதியைத் திருத்திக்கொள்ள வேண்டும். புதுக் குடும்பம் என்பதால் காலம் புதிதாகத் தொடங்காது. ஓராண்டு உச்ச வரம்பில் கழிந்த ஐந்து மாதம் கழிந்ததுதான். ஊர் திரும்புவதாக முடிவு செய்தால் நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்கிவிட்டு வாருங்கள். வங்கிக் கணக்கைக் கடைசிப் பணம் வந்த பிறகு மூடுங்கள்.

கேள்வி: ஓ பேராக அனுப்பப் பினாங்கில் ஒரு முகவர் 6,000 ரிங்கிட் கேட்கிறார். நியாயமா?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஜெர்மனியில் இயங்கும் முகவர் ஓ பேரிடம் அதிகபட்சம் 150 யூரோதான் வாங்கலாம் என்று அங்கே விதி இருக்கிறது. இங்குள்ள முகவரை அது கட்டுப்படுத்தாது என்றாலும், எது நியாயம் என்பதற்கு நல்ல அளவுகோல். 6,000 ரிங்கிட்டில் மொழி வகுப்புக்கு எவ்வளவு, விசா வேலைக்கு எவ்வளவு, விசா கிடைக்காவிட்டால் திரும்புவது எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் அந்தத் தாளோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.