முட்டை விலையைப் பார்த்து மலைத்த தம்பிக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, நாமக்கல்காரனுக்கு ஒரு டஜன் முட்டைக்கு இவ்வளவு கொடுக்க மனசே வரவில்லை, இங்கே உற்பத்தி நம்மைவிடக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள்.

மொத்தக் கணக்கில் ஆமாம் தம்பி, இப்போது குறைவுதான். 1950இல் அமெரிக்கா ஏறத்தாழ 5,900 கோடி முட்டை உற்பத்தி செய்தது. அதே சமயம் இந்தியா முழுக்கச் சேர்த்தே 183 கோடி. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்! 2020 வாக்கில் நாம் அவர்களைத் தாண்டிவிட்டோம். 2023-24இல் இந்தியா 14,277 கோடி, அமெரிக்கா 11,000 கோடியை ஒட்டி.

இந்த வளர்ச்சியில் அமெரிக்காவுக்கும் பங்கு உண்டு. நம் பக்கத்துப் பண்ணைகளில் நீங்கள் பார்த்து வளர்ந்த பிவி-300 வெள்ளைக் கோழி, நியூயார்க் மாநிலத்து பாப்காக் என்ற கோழி இனத்தின் வழியில் வந்தது. அதற்கு இதுதான் தாய்வீடு. கோழிப்பண்ணைத் தொழில் முன்னோடி டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று 1982இல் பண்ணைக்காரர்களே சேர்ந்து விலை சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கியதும், வியாபாரி சொன்னதே விலை என்ற நிலை மாறியதும் நம் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அமெரிக்கா ஏன் அந்த வேகத்தில் வளரவில்லை? இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இங்கே ஒருவர் வருடத்துக்கு 400 முட்டை வரை சாப்பிட்டார்கள். அப்புறம் கொலஸ்ட்ரால் பயம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அது 235 அளவுக்கு இறங்கி, 2023 வாக்கில் 280ஐ ஒட்டி நின்றது. கோழிகள் மட்டும் நிற்கவில்லை. 1950இல் ஒரு கோழி வருடத்துக்குச் சுமார் 175 முட்டை இட்டது, இன்று 300ஐ நெருங்குகிறது.

நம் நாட்டில் ஆளுக்கு வருடத்துக்கு எத்தனை தெரியுமா? 1950-51இல் 5. 2023-24இல் 103. மொத்தத்தில் முந்தினோம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் உறுத்துகிறது. ஆளுக்கு 180 வேண்டும் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. தமிழ்நாட்டில் சத்துணவில் வாரம் 5 முட்டை போடுகிறார்களே, அதன் அருமை இங்கே வந்த பிறகு எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

சரி, விலைக்கு வருவோம். இங்கே ஒரே வளாகத்தில் பல லட்சம் கோழிகள் இருக்கும். பறவைக் காய்ச்சல் ஒரு கொட்டகையில் நுழைந்தால் பண்ணை முழுவதையும் அழித்தாக வேண்டும். 2022இல் இதே அயோவாவில் ஒரு பண்ணையில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் போயின. புதுக் குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து மாதம் ஆகும். அதுவரை கடையில் தட்டுப்பாடுதான். 2025 மார்ச்சில் டஜன் சராசரி 6 டாலர் 23 சென்ட் வரை ஏறி, பிறகு இறங்கியது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் கூண்டில்லாத கோழியின் முட்டையைத்தான் விற்க வேண்டும் என்ற சட்டமும் உண்டு, அங்கே இன்னும் கூடுதல். ஏறும்போது பதறிப் பத்து டஜன் வாங்கி அடுக்காதீர்கள், காய்ச்சல் தணிந்தால் விலையும் இறங்கும்.

அப்புறம், ஊரில் போல சமையலறை மேடையில் தட்டோடு வைத்துவிடாதீர்கள். இங்கே கழுவித்தான் விற்கிறார்கள், ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

வாங்கும்போது அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் மூன்று இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். அது பெட்டியில் அடைத்த நாள், ஜனவரி 1 என்றால் 001, டிசம்பர் 31 என்றால் 365. விலை ஒன்றாக இருக்கும் இரண்டு பெட்டிகளில் பெரிய எண் உள்ளதுதான் புதுசு (வருடம் பிறக்கும் சமயத்தில் மட்டும் கவனம்). பழுப்பு முட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், வெள்ளையிலும் பழுப்பிலும் சத்து ஒன்றுதான்.