பூச்சிமருந்து விஷமும் அட்ரோபின் ஊசியும்: கேள்வி பதில்

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். பூச்சிமருந்து விஷத்துக்கான அவசர சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வயலுக்கு அடிக்கும் மருந்தும் போரில் வீசும் நரம்பு விஷவாயுவும் ஒரே குடும்பம் என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவி)

உண்மைதான். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோதுதான் டாபுன் என்ற நரம்பு விஷம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சாரின் வந்தது. இவையும் நம் கடைகளில் விற்கும் பல பூச்சிமருந்துகளும் ஆர்கனோபாஸ்பேட் என்ற வேதிப்பொருள் வகைதான்.

நரம்பு தன் தகவலை அசிட்டைல்கோலின் என்ற பொருள் வழியாகத் தசைக்கும் சுரப்பிக்கும் அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியை முடக்கிவிடும். குழாயைத் திறந்துவிட்டு மூட ஆளில்லாத நிலை. எச்சில், வியர்வை, கண்ணீர், பேதி எல்லாம் பெருகும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். தசைகள் துடித்துப் பிறகு தளரும். நுரையீரலில் நீர் சுரந்து அடைப்பதும் மூச்சுத் தசைகள் ஓய்வதும்தான் பெரும்பாலும் உயிரை எடுக்கின்றன.

மருந்தடித்துவிட்டு வந்தவர் மயங்கினால், அல்லது யாராவது குடித்துவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது? (விவசாயி)

முதலில் 108க்குப் போன் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக் கரைசல் எதுவும் வேண்டாம். மருந்தில் கலந்திருக்கும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால், விஷத்தோடு இன்னொரு ஆபத்தும் சேரும். எத்தனை பேரை இந்தக் கைவைத்தியம் கெடுத்து அனுப்புகிறது என்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நோகிறது.

நினைவு தப்பியிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே மருந்து பட்டிருந்தால் துணிகளைக் கழற்றி, சோப்பு போட்டுத் தலையோடு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட வேண்டும். அது இல்லாவிட்டால் தடிமனான பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் பரவியபோது, நோயாளிகளின் துணியிலிருந்து எழுந்த ஆவியால் மருத்துவமனைப் பணியாளர்கள் பலருக்கும் பார்வை மங்கியது, தலைவலி வந்தது. அப்புறம், மருந்து பாட்டிலை லேபிளோடு கொண்டு வாருங்கள்.

அட்ரோபின் எவ்வளவு போடலாம்? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (பயிற்சி மருத்துவர்)

அட்ரோபின், தேங்கிய அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்துச் சுரப்புகளைக் காய வைக்கும் மருந்து. மொத்தம் இவ்வளவு என்று மனதில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு போடக்கூடாது. பெரியவர்களுக்கு முதலில் 1.8 முதல் 3 மி.கி. சிரை (இரத்தக் குழாய்) வழியாக. நம் ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி) 0.6 மி.கி. என்றால் மூன்று முதல் ஐந்து. ஐந்து நிமிடம் கழித்து மார்பில் ஸ்டெதாஸ்கோப் வையுங்கள். கரகரப்பும் விசிலும் குறையவில்லையா, முன்பு போட்டதைப் போல இரண்டு மடங்கு. மீண்டும் ஐந்து நிமிடம், மீண்டும் இரண்டு மடங்கு. நுரையீரல் தெளிந்து, நாடித்துடிப்பும் சிஸ்டாலிக் (மேல் எண்) இரத்த அழுத்தமும் 80க்கு மேல் வந்து, அக்குள் காய்ந்தால் நிறுத்தலாம். பிறகு, அதுவரை போட்ட மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை ஒரு மணி நேரத்துக்கு என்ற கணக்கில் டிரிப்பில் சொட்டுச் சொட்டாக ஓட விடுங்கள். வங்கதேசத்தில் நடந்த ஆய்வில், பழைய முறையில் 22.5 சதவீதமாக இருந்த இறப்பு இந்த முறையில் 8 சதவீதமாகக் குறைந்தது. மருந்து அதேதான், போட்ட விதம்தான் வேறு.

நாடித்துடிப்பு ஏற்கெனவே வேகமாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். மார்பு ஈரமாக இருக்கும்வரை அட்ரோபின் தேவை. கண்மணியை மட்டும் நம்பி அளவை முடிவு செய்யவும் வேண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும் கரகரப்பு குறையாமல் நீடித்தால் அது வாந்தி உள்ளே போனதாக இருக்கலாம். அதைத் துரத்திக்கொண்டு மருந்தை ஏற்றக்கூடாது. நோயாளி பிதற்றி, காய்ச்சல் ஏறி, வயிற்றில் குடல் சத்தமே இல்லையென்றால் அளவு மீறிவிட்டது. சொட்டை நிறுத்தி, தெளிந்த பிறகு குறைத்து ஆரம்பியுங்கள். வலிப்பு வந்தால் டயஸிபாம்.

கோலினெஸ்டரேஸ் (விஷம் முடக்கும் அந்த நொதி) இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று ஒருபோதும் காத்திருக்காதீர்கள்.

அப்படியானால் பிஏஎம் ஊசி எதற்கு? (செவிலியர்)

பிராலிடாக்சைம் என்ற இந்த மருந்து, முடங்கிய நொதியை விஷத்திலிருந்து விடுவிக்கப் பார்க்கும். அட்ரோபினால் தசைத் தளர்ச்சியைத் தொட முடியாது, இதனால் முடியும் என்பது நம்பிக்கை. ஆனால் விஷம் நொதியோடு நிரந்தரமாக இறுகிவிட்டால் பயனில்லை. சோமான் என்ற போர் விஷத்தில் அது சில நிமிடங்களில் நடந்துவிடும். ஆய்வுகளும் ஒன்றுபோலச் சொல்லவில்லை: 2006இல் வெளியான மகாராஷ்டிராவின் பாராமதி ஆய்வில் பலன் தெரிந்தது, வேலூர் சிஎம்சி ஆய்வுகளிலும் 2009இல் வெளியான இலங்கை ஆய்விலும் தெரியவில்லை. உங்கள் மருத்துவமனை நெறிமுறைப்படி கொடுங்கள். மெதுவாகக் கொடுங்கள், அட்ரோபினுக்கு முன்னால் வேண்டாம். பிஏஎம் இருப்பில் இல்லை என்பதற்காக மட்டும் நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பி நேரத்தை இழக்காதீர்கள் என்பது என் கருத்து.

ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறதாமே, அவசரத்துக்கு இலைச்சாறு கொடுக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

கூடாது ஐயா. இருப்பது உண்மை. ஆனால் ஓர் இலைக்கும் இன்னொன்றுக்கும் அளவு மாறும், மயங்கியவருக்கு வாய்வழி எதையும் கொடுக்கவும் கூடாது.

ராணுவத்தினர் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி நம்மிடமும் இருந்தால் நல்லதுதானே? (இளைஞர்)

அமெரிக்க ராணுவத்தின் பழைய தொகுப்பில் 2 மி.கி. அட்ரோபினும் 600 மி.கி. பிராலிடாக்சைமும் இருந்தன. போர்க்களத்துக்கு அது சரி. 1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலில் வீடுகளுக்குக் கொடுத்த ஊசிகளைப் பல குழந்தைகள் தவறுதலாகத் தங்களுக்கே குத்திக்கொண்டார்கள். நமக்குத் தேவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாராளமான அட்ரோபின் இருப்பு.

கணவர் கண் விழித்துப் பேசுகிறார். இன்றைக்கே வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? (ஓர் இல்லத்தரசி)

வேண்டாம் அம்மா, தயவு செய்து பொறுங்கள். தெளிந்த பிறகு, பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாளுக்குள், மூச்சுத் தசைகள் திடீரெனத் தளரலாம். இதை 1987இல் இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் விவரித்தார்கள். நாங்கள் தினமும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வது இதற்காகத்தான். தூக்க முடியாவிட்டால் அதுதான் முதல் அறிகுறி. வெண்டிலேட்டர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். வீட்டில் இருந்தால் நேரம் இருக்காது. மருத்துவர் அனுப்பும்வரை அங்கேயே இருங்கள்.

தானாகக் குடித்தவர் குணமாகி வந்தால் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறார்கள் வீட்டில். (ஓர் அண்ணன்)

பேசுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. திட்டாமல், மனதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்காமல் மருத்துவமனையை விட்டு வர வேண்டாம். 104, 14416 ஆகிய உதவி எண்கள் இரண்டிலும் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். உங்களுக்குத் தாங்கவில்லை என்றாலும் கூப்பிடலாம். பூச்சிமருந்து பாட்டில்கள் வீட்டை விட்டு வெளியே போகட்டும். இலங்கை 1995இலிருந்து கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும் அங்கே தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதே காப்பாற்றுகிறது. காலி டப்பாவையும் ஓட்டையிட்டுப் போட்டுவிடுங்கள். 2013 ஜூலையில் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தது, மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த சமையல் எண்ணெயால்தான்.