வாங்குவோர் கேள்வி-பதில்: கறுப்புப் பெயின்ற் பூசிய பழைய ஸ்ரியரிங் ரக்

கேள்வி: என்னிடம் 1974ஆம் ஆண்டு ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. முன் சில்லுகளின் கீழ் ட்ரனியனை (சில்லு திரும்ப விடும் புரியுள்ள அடி மூட்டு) நானே மாற்றப் போகிறேன். கடையில் கிறீஸ் அடிக்கச் சொல்கிறார்கள். கார்க் கைநூலில் ஒயில் என்று இருக்கிறது. எதைக் கேட்பது?
– சுன்னாகம் வாசகர்

பதில்: கைநூலைக் கேளுங்கள். ஈபி90 கியர் ஒயில்தான் விட வேண்டும். ட்ரனியனுக்குள் ஓர் உருக்குத் தண்டு புரியோடு இறங்கி நிற்கிறது. ஸ்ரியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரியில்தான் அசைவு நடக்கிறது. ஒயில் அடிவரை இறங்கும். கிறீஸ் வழியில் இறுகிவிடும், அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். கடைசியில் தண்டு முறிந்து, ஓடுகிற காரின் முன் சில்லு மடிந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பண்ணை வீதியால் தீவுப்பக்கம் அடிக்கடி போய் வருகிறீர்கள் என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள்.

வாங்கும்போது இடது, வலது என்று சொல்லியே வாங்குங்கள், இரண்டின் புரியும் வேறு. தண்டின் புரி அரித்துப்போயிருந்தால் ட்ரனியனை மட்டும் புதிதாகப் போடுவது வீண் செலவு. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்தே பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் கார் ஒன்றுக்கு முழுக் காசும் கொடுத்துவிட்டேன். ஸ்ரியரிங் நடுக்கம் வெறும் வீல் பலன்ஸ் என்றார்கள். இப்போது முன் சில்லின் மூட்டுகளான ரைரொட் என்ட், போல் ஜொயின்ற் எல்லாம் தேய்ந்தது என்கிறார் மெக்கானிக்.
– நல்லூர் வாசகர்

பதில்: ஜாக் அடித்து முன் சில்லை ஆட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் காசைக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டு என்ன பயன் தம்பி? மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். அதுவரை காரை வீதியில் இறக்காதீர்கள்.

கேள்வி: எம்ஜி மிட்ஜெட்டின் முன் ஸ்பிறிங்கைக் கழற்ற மலிவான ஸ்பிறிங் கொம்பிறெஸர் (ஸ்பிறிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்கலாமா? காரைப் புளொக் கல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன்.
– மானிப்பாய் வாசகர்

பதில்: முதலில் காரைக் கல்லிலிருந்து இறக்குங்கள். சீமெந்துக் கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். மிட்ஜெட்டுக்குக் கொம்பிறெஸரே தேவையில்லை. ஸ்பிறிங் தட்டைப் பிடிக்கும் நான்கு ஆணிகளில் எதிரெதிரான இரண்டைக் கழற்றி, அந்த இடத்தில் நீளமான, உறுதிகூடிய ஆணிகளைப் போடுங்கள். மற்ற இரண்டையும் எடுத்தபின் நீள ஆணிகளை மாறி மாறித் தளர்த்தினால் ஸ்பிறிங் மெல்ல விரியும். மிச்சமாகும் காசில் நல்ல அக்சில் ஸ்ராண்ட் (தூக்கிய காரைத் தாங்கும் இரும்புக் கால்) ஒரு சோடி வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் மிட்ஜெட்டை மகனும் நானும் திருத்துகிறோம். வேறு ஊர்க் கடையொன்றில் புதியது என்று ஸ்ரியரிங் ரக் (ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது சில்லுகளைத் திருப்பும் பற்சட்டம்) தந்தார்கள். பூட்டியபின் நேராக ஓடும்போது ஆடுகிறது, முழுதாகத் திருப்பினால் இறுகுகிறது. பெயின்ற் உரிந்த இடத்தில் பழைய துரு. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். சீட்டு இருக்கிறது.
– கொக்குவில் வாசகி

பதில்: அக்கா, உங்களில் ஒரு பிழையும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கறுப்புப் பெயின்ற் வியாபாரத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். நானும் அகப்பட்டவன். என் மொறிஸ் மைனருக்கு முன் ஷொக் அப்சோபர் ஒரு சோடி வாங்கினேன். பளபளவென்று இருந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டிலும் ஒயில் கசிந்தது. சீட்டு வாங்காதபடியால் போய்க் கேட்க என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. இடையில் எல்லோரும் பழைய காரை ஓட வைக்கப் பாகம் தேடி அலைந்தார்கள். அந்தத் தவிப்பை வைத்துத்தான் பழைய இரும்புக்குப் பெயின்ற் அடித்து விற்றார்கள். மற்றப் பொருள் என்றால் காசோடு போகும். ஸ்ரியரிங் ரக் உயிரோடு விளையாடுகிற சாமான்.

உங்களுடைய ரக்கில் நடந்திருப்பது இதுதான். எந்தக் காரும் அதிக நேரம் நேராகத்தான் ஓடும், ஆகவே ரக்கின் பல் நடுவில்தான் கூடத் தேயும். நடு ஆட்டத்தை மறைக்க இறுக்கினால், தேயாத இரு முனைகளும் பிடிக்கும். கடையிலேயே பினியனை (ரக்கைத் தள்ளும் சின்னப் பற்சில்லு) கையால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். றப்பரிலும் புரியிலும் பெயின்ற் பட்டிருக்கிறதா, நட்டின் மூலைகள் ஸ்பனர் பட்டு மழுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது: ரக்கைக் கழற்றி அப்படியே வையுங்கள், பெயின்ற்றைச் சுரண்டாதீர்கள். படம் எடுங்கள். கழற்றிய மெக்கானிக்கிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். கடைக்கு எழுத்தில் காசைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், சீட்டின் பிரதியையும் இணையுங்கள். தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. கேட்டால் சீட்டுத் தர வேண்டியதும் கடைக்காரரின் கடமை.

அடுத்த ரக் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மிட்ஜெட்டும் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்றும் இரட்டைப்பிள்ளைகள். 1958இல் ஸ்பிறைற் வந்தபோது அதன் ரக் மொறிஸ் மைனரிலிருந்தும் முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ35இலிருந்தும் எடுக்கப்பட்டவை. மைனர் பாகம் விற்கும் இடங்களிலும் கேளுங்கள். ஆனால் பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சஸ்பென்ஷன் மூட்டுகளுக்குள் போட றப்பர் புஷ் நல்லதா, பொலியூரத்தேன் (கடினமான பிளாஸ்ரிக்) புஷ் நல்லதா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: வீதியில் ஓட்டுவதற்கு நல்ல றப்பர். சில்லுகள் நிலத்தில் நின்று, காரின் பாரம் இறங்கியபிறகுதான் ஆணிகளைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கவிட்டபடி இறுக்கினால் றப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழியும்.

கேள்வி: ரைரொட் என்ட் மாற்றும்போது சுற்றை எண்ணி அதே அளவுக்குத் திருகிவிட்டேன். வீல் எலைன்மென்ற் செலவை மிச்சம் பிடிக்கலாமா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: முடியாது. எண்ணியது, எலைன்மென்ற் செய்யும் இடம்வரை மெதுவாக ஓட்டிப்போகத்தான். பழைய ஸ்பிளிற் பின்னை (நட்டுக் கழலாமல் பிடிக்கும் கம்பிப் பின்) திரும்பப் போட்டிருந்தால் புறப்படுமுன் புதியது போடுங்கள்.